நிற்கும் வண்டியின் பெட்ரோல்

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது மைலேஜில்தான் போய் முடிகிறது. லிட்டருக்கு அறுபது கொடுத்த வண்டி இப்போது ஐம்பத்தைந்துதான் கொடுக்கிறது என்பார் ஒருவர். அதெல்லாம் வதந்தி என்று அரசு அறிக்கையை எடுத்துக் காட்டுவார் இன்னொருவர். இரண்டு பேரும் பேசுவது ஓடும் வண்டியைப் பற்றி. நிற்கும் வண்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. துபாய்க்குப் போன மகன் கூடத்தில் விட்டுப்போன புல்லட், தேர்வு விடுமுறைக்கு விடுதியிலேயே நிறுத்திவைத்த பல்சர், அப்பா இறந்த பிறகு யாரும் தொடாத டிவிஎஸ் எக்ஸ்எல், மழை முடியட்டும் என்று கவர் போட்டு மூடிவைத்த பழைய ஆர்எக்ஸ் 100. எத்தனாலின் உண்மையான சிக்கல் இந்த வண்டிகளில்தான் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எத்தனாலால் ஏற்படும் இழப்பு சிறியது. கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். நிற்கும் வண்டியின் பெட்ரோலோ முன்னைவிட விரைவாகவும் வேறு விதமாகவும் கெடுகிறது. இதை ஓட்டுநருக்கு யாரும் முறையாகச் சொல்லவில்லை.

இருசக்கர வண்டிகளை முன்னிறுத்தி இதைப் பேசுவதற்கு வலுவான காரணம் உண்டு. பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவுக்காக நீல்சன் நிறுவனம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 60 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வண்டிகளுக்கே போகிறது. ஆனால் எத்தனால் விவாதம் முழுக்கக் கார்க்காரர்களின் குரலிலேயே நடக்கிறது.

சுருக்கமாக வரலாறு. 2001இல் மகாராஷ்டிரத்தின் மிராஜ், மன்மாட் ஆகிய இடங்களிலும் உத்தரப் பிரதேசத்தின் பரேலியிலும் சோதனை முயற்சி தொடங்கியது. 2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு நடைமுறைக்கு வந்தது. கரும்பு ஆலைகள் நிறைந்த தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. பிறகு பத்தாண்டுகளுக்கும் மேல் திட்டம் தூங்கியது. 2014இல் நாட்டின் சராசரிக் கலப்பு ஒன்றரை சதவீதம்தான். 2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 20 சதவீத இலக்கை 2030க்கு வைத்தது. பின்னர் அது 2025-26க்கு முன்னே இழுக்கப்பட்டது. 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டினார்கள். 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் பிரதமர் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனையைத் தொடங்கிவைத்தபோது அது 84 பெட்ரோல் பங்குகளில் மட்டுமே கிடைத்தது. 2025இல் நாடு முழுவதும் அதுவே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. ஒன்றரை சதவீதத்திலிருந்து இருபதுக்கு வர பதினொரு ஆண்டுகள். அதில் பத்திலிருந்து இருபதுக்கு வர மூன்றே ஆண்டுகள். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் வயதோடு இந்த வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். பதினைந்து வருட ஸ்ப்ளெண்டர் இங்கே பழைய வண்டி அல்ல. வேலைக்குப் போகும் வண்டி.

மைலேஜ்: முதலில் இதைத் தீர்த்துவிடுவோம்

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21. ஆக இ10 பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 30.9; இ20இல் 29.8. பத்திலிருந்து இருபதுக்குப் போகும்போது மூன்றரை சதவீதம் குறைகிறது. கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட வரைபடமும் இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பு என்றே சொன்னது. அறுபது கொடுக்கும் வண்டி ஐம்பத்தெட்டு கொடுக்கும். ஐம்பதுக்கு இறங்கினால் காரணத்தை எத்தனாலில் தேட வேண்டாம். டயர் காற்றிலோ, செயினிலோ, கிளட்சிலோ, காற்று வடிகட்டியிலோ தேடலாம்.

இழப்புக்கு ஈடாகச் சில நன்மைகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108க்கு மேல்; ஆகவே கலப்புப் பெட்ரோல் இஞ்சினில் 'நாக்' அடிப்பது குறையும். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். எனவே எரிதல் முழுமையாகிறது. நிதி ஆயோக் அறிக்கையின்படி இருசக்கர வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைகிறது. ஆல்டிஹைடுகள் கொஞ்சம் கூடுகின்றன. நெரிசலான சாலையில் முன்னே போகும் வண்டியின் புகையை நேராக முகத்தில் வாங்கும் நமக்கு முதல் செய்தி பெரிய செய்திதான்.

நன்மைக்குக் காரணமான அந்த ஆக்சிஜன்தான் பழைய வண்டிக்குத் தொல்லையும் தருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு 13.5 அளவில் வருகிறது. கார்பரேட்டருக்கு இது தெரியாது. துளையின் அளவுக்கு ஏற்ப எரிபொருளை விடும், அவ்வளவுதான். ஆகவே தூய பெட்ரோலுக்கு அமைத்த கார்பரேட்டர் இ20இல் தேவையைவிடச் சுமார் எட்டு சதவீதம் குறைவாக ஊட்டும். இ10க்கு அமைத்தது நான்கு சதவீதம் குறைவாக. காற்றால் குளிரும் சிறிய இஞ்சின்களைப் பொதுவாகச் சற்றுத் தாராளமாக ஊட்டும்படியே அமைத்திருப்பார்கள் என்பதால் இந்தக் குறைவைப் பல வண்டிகள் தாங்கிக்கொள்கின்றன. தாங்காதவை காலையில் சோக் போடாமல் எழுந்திருக்காது. திராட்டிலைத் திறந்ததும் ஒரு நொடி திக்கும். ஐட்லிங் ஏறி இறங்கும். கையை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருத்துவதும், தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குவதும் நல்ல மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு ஏறக்குறைய எல்லா வண்டிகளும் கார்பரேட்டரை விட்டு எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறின. அவற்றின் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் ரப்பரும் உலோகமும்கூட இ20க்குத் தாங்கும்படி அமைந்தவை. புதிய வண்டி வைத்திருந்து நாள்தோறும் ஓட்டுபவர் இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படித்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

தண்ணீர்

எத்தனாலைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டது ஒன்று: அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உண்மைதான். ஆனால் எவ்வளவு உறிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போட்டுப் பார்ப்போம்.

பத்து லிட்டர் டேங்க், பாதி நிரம்பியிருக்கிறது. மீதி ஐந்து லிட்டர் காற்று. பகலுக்கும் இரவுக்கும் பதினைந்து டிகிரி வித்தியாசம் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், அந்தக் காற்று ஏறத்தாழ ஐந்து சதவீதம் விரிந்து சுருங்கும். அதாவது மூடியின் சிறு துளை வழியாக நாளொன்றுக்குக் கால் லிட்டர் காற்று வெளியே போய் உள்ளே வரும். முப்பது டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 23 மில்லிகிராம் நீர் இருக்கிறது. கால் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம். நூறு நாள் நின்றாலும் ஒரு கிராம்கூட ஆகாது. பெட்ரோல் ஆவியும் சேர்ந்து மூச்சு விடுவதால் இது பத்து மடங்கு ஆகிறது என்று வைத்தாலும் ஆறு கிராம். டேங்கில் இருக்கும் ஐந்து லிட்டர் இ10 பெட்ரோல், பதினைந்து டிகிரிக் குளிரிலேயே இருபத்தைந்து மில்லி நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் அதிகம் தாங்கும். இ20 அதைவிடவும் அதிகம் தாங்கும்.

ஆக, காற்றின் ஈரம் மட்டும் டேங்கில் உள்ள பெட்ரோலைப் பிரித்துவிடும் என்ற அச்சம் மிகைப்பட்டது. அபாயம் நீராவியில் இல்லை, நேரடியாக உள்ளே வரும் தண்ணீரில் இருக்கிறது. அது வரும் வழிகள் நமக்கு நன்றாகத் தெரிந்தவை, ஆனால் நாம் கவனிக்காதவை.

பல வண்டிகளில் டேங்க் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் விழும் மழைநீரை வெளியேற்ற ஒரு சிறு துளையும், அதிலிருந்து வண்டிக்கு அடியில் இறங்கும் மெல்லிய குழாயும் இருக்கும். மண்ணும் தூசியும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் மழைநீர் மூடியைச் சுற்றிக் குளமாக நிற்கும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் போதும், ஒரே இரவில் நூறு மில்லி உள்ளே இறங்கிவிடும். வெயிலில் வண்டி சூடாகி, பிறகு திடீரென மழை பெய்து டேங்க் குளிரும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடமே அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடுத்தது வாட்டர் சர்வீஸ். அழுத்தத்தோடு வரும் தண்ணீரை மூடியின் மேல் நேராகப் பீய்ச்சுவது நம் ஊரில் சாதாரணம். மூன்றாவது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தெருக்களில் மூழ்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான வண்டிகளின் டேங்கில் தண்ணீர் போயிருக்கும். இஞ்சின் ஆயிலை மாற்றியவர்களில் எத்தனை பேர் டேங்கைக் கழற்றிக் காலி செய்தார்கள்? கடைசியாக, பங்கின் நிலத்தடித் தொட்டி. அதில் நீர் இருக்கிறதா என்று அளவுகோலில் பசை தடவி இறக்கிப் பார்ப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதற்கென்றே உள்ள பசை வேண்டும். பழைய பசை எத்தனாலோடு கலந்த நீரைச் சரியாகக் காட்டாமல் போகலாம்.

எத்தனால் இல்லாத காலத்தில் டேங்கில் தண்ணீர் புகுந்தால் அது பெட்ரோலோடு ஒட்டாமல் அடியில் முத்து முத்தாகக் கிடக்கும். கார்பரேட்டரின் கிண்ணத்தைத் திறந்து வடித்தால் வேலை முடிந்தது. இப்போது நடப்பது வேறு. கொஞ்சம் தண்ணீர் என்றால் எத்தனால் அதைக் கரைத்துக்கொண்டு இஞ்சின் வழியாக அனுப்பிவிடும். இது உண்மையில் நல்லது. அளவு மீறினால் கதை மாறுகிறது. எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அந்தக் கலவை கனமானது என்பதால் டேங்கின் அடிக்குப் போகும். மேலே ஆக்டேன் இழந்த பெட்ரோல். கீழே எத்தனாலும் தண்ணீரும். இ20இல் பிரிதல் தாமதமாகத்தான் வரும். வந்துவிட்டால், இ10இல் இருந்ததைப் போல இரு மடங்கு எத்தனால் அதில் இருப்பதால் அடியில் தேங்குவது அதிகம். பிரிதல் வெப்பத்தையும் பொறுத்தது. மதியம் கரைந்திருந்தது விடியற்காலைக் குளிரில் பிரியலாம். சென்னையில் தப்பிக்கும் வண்டி மார்கழியில் ஊட்டிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் டேப்பின் உள்ளே இருக்கும் குழாயில் 'ஆன்' நிலை சற்று மேலிருந்து எடுக்கும். 'ரிசர்வ்' அடியிலிருந்து எடுக்கும். எப்போதும் ரிசர்வ் வராமல் போட்டு ஓட்டுபவரின் டேங்கில் அடி அடுக்கு மாதக்கணக்கில் தொந்தரவின்றிக் கிடக்கும். இரும்பை அரித்துக்கொண்டும் இருக்கும். என்றோ ஒருநாள் ரிசர்வுக்குத் திருப்பியதும் வண்டி நின்றுவிடும். தெளிப்பு முறை வண்டிகளில் பம்பே டேங்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முதலில் கிடைப்பது இந்த அடுக்குதான்.

பிரிந்த பெட்ரோலை வண்டியை ஆட்டிக் குலுக்கிச் சேர்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சேராது. கடைகளில் விற்கும் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் சேராது. முழுவதையும் வடித்து எடுப்பதைத் தவிர வழியில்லை. சந்தேகம் இருந்தால் டேப்பிலிருந்து நூறு மில்லியைத் தெளிவான கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அசைக்காமல் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். கலங்கியிருந்தாலோ, குறுக்கே ஒரு கோடு தெரிந்தாலோ பதில் கிடைத்துவிட்டது.

கார்பரேட்டரின் கிண்ணம்

டேங்கைவிடச் சீக்கிரம் கெடும் இடம் ஒன்று உண்டு. கார்பரேட்டரின் அடியில் உள்ள மிதவைக் கிண்ணம். அதில் இருப்பது சில தேக்கரண்டி பெட்ரோல்தான், காற்றுக்குத் திறந்திருக்கிறது, சூடான இஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வண்டி நின்ற சில வாரங்களில் அதிலுள்ள லேசான கூறுகள் ஆவியாகிவிடும். மிஞ்சுவது அரக்கு போன்ற பிசின். ஐட்லிங்கை நடத்தும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது அடைத்துக்கொண்டால் வண்டி சோக்கில் மட்டும் ஓடும், சோக்கைத் தள்ளினால் நிற்கும். நீண்ட நாள் நின்ற வண்டி கிளம்பாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எத்தனால் இல்லாத பெட்ரோலிலும் பிசின் படியும். எத்தனால் சேர்க்கும் புதுமை அரிப்பு. கார்பரேட்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாக, அலுமினியக் கலவை உலோகம், ஜெட்டுகள் பித்தளை. ஈரத்தோடு கூடிய எத்தனாலில் நுண்ணளவு அமிலமும் குளோரைடும் இருந்தால் அந்த உலோகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அதற்காகவே கலப்புப் பெட்ரோலில் அரிப்புத் தடுப்பான் சேர்க்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் ஈரத்தின் முன் அதை முழுக்க நம்பியிருக்க முடியாது.

ரப்பரின் கதையும் இதனோடு சேர்ந்தது. பழைய வண்டிகளின் பெட்ரோல் குழாய், ஓ-ரிங், டேப்பின் வாஷர், கார்க் கேஸ்கட் ஆகியவை எத்தனாலில் ஊறி வீங்கும். பிறகு வண்டி நின்று காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஊறுவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதுதான் அவற்றைக் கெடுக்கிறது. தினமும் ஓடும் வண்டியில் அவை எப்போதும் ஊறியே இருப்பதால் கசிவது தள்ளிப்போகிறது. பிளாஸ்டிக் டேங்கும் விதிவிலக்கல்ல: அமெரிக்காவில் டுகாட்டி வண்டிகளின் பிளாஸ்டிக் டேங்குகள் எத்தனால் பெட்ரோலில் விரிந்து, பொருத்திய இடத்தில் மீண்டும் உட்காராமல் போய், வழக்கு வரை சென்றது. டேங்கின் உட்புறத்தில் எபாக்சி பூசியவர்களும், அழகுக்காக ஃபைபர் டேங்க் போட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பழைய டேங்கில் முதல் சில முறை கலப்புப் பெட்ரோல் போடும்போது ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும். வடிகட்டி அடைப்பது அதனால்தான். அதை மாற்றினால் போதும். கார்பரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 100இல் எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகப் போகிறது, ஓரளவு தப்பிக்கும். பழைய டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் போன்றவற்றில் 2டி ஆயிலை நேரடியாகப் பெட்ரோலில் கலக்கிறோம். பெட்ரோல் பிரிந்தால் ஆயில் மேல் அடுக்கோடு இருந்துவிடும். அடி அடுக்கை உறிஞ்சும் இஞ்சினுக்கு உயவு இராது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துக்குப் போக மட்டும் எடுக்கும் எக்ஸ்எல்லில் மாதக்கணக்கில் பெட்ரோல் தேங்குவது இயல்பு. அதில் குறைவாக ஊற்றி அடிக்கடி ஊற்றுவதே பாதுகாப்பு.

நிறுத்தி வைக்கும் முறை

இதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. என் நிலையைச் சொல்கிறேன். இரண்டு, மூன்று வாரம் நிற்கும் வண்டிக்கு எதுவும் செய்ய வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கிறதா, வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை என்றால், கிளம்புவதற்கு முன்னால் புதிய பெட்ரோல் போட்டு டேங்கை நிரப்ப வேண்டும். டேங்க் நிரம்பியிருந்தால் காற்றுக்கு இடமில்லை. இரும்புச் சுவர் துருப்பிடிக்கவும் வழியில்லை. கார்பரேட்டர் வண்டியில் டேப்பை மூடிவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடிக்க வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்பவர்கள் மிகக் குறைவு. இதனால் தவிர்க்கக்கூடிய செலவோ மிக அதிகம். தெளிப்பு முறை வண்டியில் பெட்ரோல் தீரும்வரை ஓட்டக்கூடாது; பம்பைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான். நிரப்பிவைத்து பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டால் போதும்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் டேங்க் காலியாகவே இருக்கட்டும். முழுவதும் வடித்து, உலர்த்தி, உள்ளே சிறிது இஞ்சின் ஆயில் ஊற்றிச் சுவரெல்லாம் படும்படி சாய்த்துச் சாய்த்துப் பூச வேண்டும். வெளிநாடு போகிறவர்கள் வீட்டில் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடும் இஞ்சின் முழுக்கச் சூடாவதில்லை. எரிந்த வாயுவின் ஈரம் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவது வேறு; அது நல்லது. தரையில் இழுபடும் பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். மண்ணின் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

வண்டிக்கு வெளியே சேமிப்பது பற்றி 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். இறுக்கமாக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில் வைக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டரைத் தாண்டக்கூடாது, உலோகம் 25 லிட்டரைத் தாண்டக்கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. கிராமத்துப் பெட்டிக்கடையில் பாட்டிலில் தொங்கும் பெட்ரோல் வெயிலில் சூடாகி, லேசான கூறுகளை இழந்து, சில நேரம் தண்ணீரும் சேர்ந்து நம் டேங்குக்கு வருகிறது. நடுவழியில் நின்றவருக்கு வேறு வழியில்லைதான். அடுத்த பங்கில் அதன் மேல் புதிய பெட்ரோலை நிறைய ஊற்றிக்கொள்வது நல்லது.

மற்ற நாடுகள் என்ன செய்தன

பிரேசில் 1931இலேயே 5 சதவீதக் கலப்பைக் கட்டாயமாக்கியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975இல் பெருந்திட்டமாக எடுத்துக்கொண்டது. 2015 முதல் 27 சதவீதம், 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதம். எந்த விகிதத்திலும் ஓடும் ஹோண்டா சிஜி 150 டைட்டன் மிக்ஸ் 2009இல் அங்கே வந்தது. வண்டியும் எரிபொருளும் சேர்ந்து வளர அந்த நாடு பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பை 2001 மாடலுக்கும் அதற்குப் பிந்திய மாடல்களுக்கும் உரிய கார்களுக்கு அனுமதித்த சுற்றுச்சூழல் முகமை, மோட்டார் சைக்கிள்களுக்கு அதை அனுமதிக்கவில்லை. பம்பிலேயே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீதத்துக்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீத உயர்தரப் பெட்ரோலைத் தனிப் பம்பில் வைத்துக்கொண்டது.

இந்தியாவில் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் 2019 ஜூலையிலேயே முழு எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்டிஆர் 200ஐ வெளியிட்டது. 2024, 2025இல் ஹோண்டாவும் சுசுகியும் எந்த விகிதத்திலும் ஓடும் வண்டிகளைக் கொண்டுவந்தன. புதிதாக வாங்குபவருக்கு வழி இருக்கிறது. பழைய வண்டிக்காரருக்குத்தான் இல்லை. கலப்பில்லாத பெட்ரோலையும் விற்கும்படி கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. கச்சா எண்ணெய்க்குப் போகும் அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குப் பணம் போகிறது என்ற அரசின் வாதங்களில் உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. காவிரிப் படுகையில் வாழும் நாம் அதைத் தனியாகப் பேசியாக வேண்டும். இங்கே என் கோரிக்கை அதைவிடச் சிறியது.

வண்டி எந்த அளவு எத்தனாலைத் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர் ஒட்டுவில்லையாக ஒட்டியிருக்க வேண்டும் என்று 2021இல் மத்திய அரசு விதி செய்தது. வண்டியின் பக்கம் அறிவிப்பு இருக்கிறது. பெட்ரோலின் பக்கம்? பெரும்பாலான பங்குகளில் கொடுக்கும் பில்லில் லிட்டரும் விலையும் உண்டு, எத்தனால் விகிதம் இல்லை. அதே பங்கில் அன்றாடப் பெட்ரோலின் அடர்த்தியைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். வடிகட்டித் தாளில் சொட்டுவிட்டுச் சோதிக்கவும், ஐந்து லிட்டர் அளவையில் ஊற்றிப் பார்க்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அந்த அடர்த்திப் பலகையில் இன்னும் இரண்டு வரி சேர வேண்டும்: இன்றைய பெட்ரோலில் எத்தனால் எத்தனை சதவீதம், நிலத்தடித் தொட்டியில் கடைசியாக நீர்ச் சோதனை செய்த தேதி என்ன. ஒவ்வொரு மாவட்டத்திலும் சில பங்குகளிலாவது குறைந்த கலப்புப் பெட்ரோலுக்கு ஒரு பம்ப் ஒதுக்கப்பட வேண்டும். அதற்குக் கூடுதல் விலை வைத்தால்கூட 1990களின் வண்டியை வைத்திருப்பவர்கள் கொடுப்பார்கள். பங்கு உரிமையாளர் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்து கேட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் அந்த இரண்டு வரிகளையாவது தமிழ்நாட்டில் எழுத வைத்துவிடலாம்.